அரசன் உறங்கும் அறையில் நமக்கு என்ன வேலை?

(திருவொற்றியூரில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைச் சில இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன்.)



தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். வங்கியில் கணக்கு எழுதுகிறவன், கவிதை எழுதுகிறவன், ராஜாவின் படுக்கையறையைப் பற்றி என்ன பேசப்போகிறான் என்று தோன்றியிருக்கும். நியாயமான சிரிப்புதான். ஆனால் இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்ததே நம்ம பையன் ஒருத்தன்தான்.

ஐப்பசி சதயம் வந்தால் தஞ்சாவூரில் ராஜராஜனுக்கு விழா நடக்கிறது. அந்த ஒரே ராஜாவுக்குப் பல சாதிக்காரர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். எல்லாரும் 'ஆண்ட பரம்பரை'. சுவரொட்டிக்குச் சுவரொட்டி வாளோடு நிற்கிறார்கள். இத்தனை பேர் ஆண்டிருந்தால் அப்போது ஆளப்பட்டது யார் என்று கேட்க ஆளில்லை. இதைப் பார்த்துவிட்டு, பட்டப்படிப்பு படிக்கிற நம்ம தெருப் பையன் என்னிடம் கேட்டான்: "ஏண்ணா, அரண்மனையில நம்மாளுங்களுக்கு ஒரு பதவிகூடவா இல்லாம இருந்திருக்கும்? ராஜாவுக்குப் பக்கத்துல இருந்தவங்க யாராச்சும் இருப்பாங்கல்ல?"

அவன் கேள்வியில் இருக்கிற வலி எனக்குப் புரிகிறது. ஊரே ராஜா வேஷம் கட்டும்போது நமக்கும் ஒரு மூலையில் இடம் வேண்டும் என்கிற வலி அது. ராஜாவுக்கு மிகவும் பக்கத்தில் இருந்தவர்கள் யார்? மந்திரியும் படைத்தலைவனும் சபையோடு நின்றுவிடுகிறார்கள். ராஜா உடுப்பைக் கழற்றிய பிறகு, குளிக்கும்போது, சாப்பிடும்போது, தூங்கும்போது கூட இருந்தது வேலைக்காரர்கள். அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். பெருமைப்படலாமா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்யலாம்.

முதலில் நம்முடைய பழைய இலக்கியம். பத்துப்பாட்டில் முல்லைப்பாட்டு என்று ஒன்று இருக்கிறது. நப்பூதனார் பாடியது. போருக்குப் போன அரசனின் பாசறையை அதில் காட்டுகிறார். பாசறைக்குள் அரசன் படுக்கத் தனி அறை. விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளப் பெண்கள், இடுப்பில் வாளோடு. நீர் சொட்டுகிற கன்னலைப் பார்த்து நேரம் சொல்ல நாழிகைக் கணக்கர். வெளியே காவலுக்கு யவனர். அரசன் படுத்திருக்கிற அறைக்குள் காவல் யார் தெரியுமா? மிலேச்சர். சட்டை போட்டவர்கள், வாய் பேசாதவர்கள். எதைச் சொல்வதானாலும் உடம்பால், சைகையால்தான் சொல்வார்கள். நச்சினார்க்கினியர் உரையில் அவர்களை ஊமைகள் என்றே சொல்கிறார்.

அரசனின் படுக்கையறைக்கு ஊமையைத் தேடிப் பிடித்துப் போட்டது ஏன்? அங்கே நடப்பது வெளியே வரக்கூடாது. ராஜா தூக்கம் வராமல் புரள்கிறான், வெட்டுப்பட்ட யானையை நினைத்துக் கலங்குகிறான், அடிபட்ட வீரர்களை நினைக்கிறான். இதெல்லாம் அதே பாட்டில் வருகிறது. அதைப் பார்க்கக் கண் இருக்கலாம், சொல்ல நாக்கு இருக்கக்கூடாது. பிறவி ஊமையோ, நம்ம பாஷை தெரியாத அன்னியனோ, எப்படி வைத்துக்கொண்டாலும் அந்த வேலைக்குத் தகுதி ஒன்றுதான்: வாய் திறக்கக்கூடாது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய வேலை விளம்பரம் என்று இதை நான் சொல்வேன். ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பதற்குக் கொடுத்த விலை நாக்கு.

அடுத்து சோழர் காலம். கல்வெட்டுகளில் 'வேளம்' என்று ஒரு சொல் வருகிறது. அரண்மனை ஊழியம் செய்த பெண்கள் இருந்த இடம். போரில் சிறைபிடித்த பெண்களை வைத்த இடம் என்று சிலரும், அரண்மனைப் பணியாளர்களின் குடியிருப்பு என்று சிலரும் ஆய்வாளர்களில் சொல்கிறார்கள். ஜெயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் தோற்றுப்போன பாண்டியர்களின் பெண்கள் வேளம் புகுந்ததைச் சொல்கிறார். தோற்ற பாண்டியனின் பெண்ணை வேளத்தில் ஏற்றியதை மூன்றாம் குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தி வெற்றியாகப் பாடுகிறது. அடுத்தவன் மனைவியைப் பிடித்து வந்து பணிப்பெண்ணாக்கியது சாதனைப் பட்டியலில் இருக்கிறது, பாருங்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இந்த வேளங்களின் பெயர்கள் இருக்கின்றன. 'உய்யக்கொண்டான் தெரிந்த திருமஞ்சனத்தார் வேளம்' என்று ஒன்று. திருமஞ்சனம் என்றால் குளிப்பாட்டுவது. 'அருமொழிதேவத் தெரிந்த திருப்பரிகலத்தார் வேளம்' என்று இன்னொன்று. பரிகலம் என்றால் உண்கலம். 'தெரிந்த' என்றால் தேர்ந்தெடுத்த. உய்யக்கொண்டான் யார்? ராஜா. அருமொழிதேவன் யார்? அதே ராஜா. குளிக்க ஒரு வேளம், சாப்பாட்டுக் கலத்துக்கு ஒரு வேளம், எல்லாவற்றின் மேலும் ராஜாவின் பட்டப்பெயர். மாட்டுக்குச் சூடு போடுவது மாதிரி. வேலைக்குப் பெயர் இருக்கிறது, எஜமானுக்குப் பெயர் இருக்கிறது. வேலை செய்தவளுக்கு?

சிலருக்கு இருந்தது. 'வேளத்துப் பெண்டாட்டி' என்று குறிக்கப்பட்ட பெண்கள் கோயிலுக்கு விளக்கு வைத்த கல்வெட்டுகள் உண்டு. 'பெண்டாட்டி' என்றதும் மனைவி என்று நினைக்காதீர்கள். அங்கே அது பணிப்பெண். விளக்குக்குப் பொருள் கொடுக்குமளவு கையில் ஏதோ இருந்திருக்கிறது. மறுக்கவில்லை. அதிலும் ரொம்ப உயரத்துக்குப் போனவர் திருவாரூரில் பேசப்படும் பரவை நங்கை. ராஜேந்திரனின் அணுக்கி. அணுக்கி என்றால் நெருக்கமானவள். திருவாரூர்க் கோயிலில் விமானத்துக்குப் பொன் வேய்ந்தார். ராஜாவும் அவரும் சேர்ந்து நின்று சாமி கும்பிட்ட இடத்தில் விளக்கு வைத்தார்கள். நெருக்கம் சிலருக்குப் பொன்னாகவும் ஆகும். ஆனால் கல்லில் அவர் யார் என்று சொல்ல என்ன எழுதியிருக்கிறது? இன்னாருக்கு அணுக்கி. அவ்வளவுதான்.

இதே பெரிய கோயில் கல்வெட்டில்தான் வரி நீக்கிய நிலங்களின் கணக்கும் வருகிறது. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று பட்டியல் போட்டுக்கொண்டு போகிறபோது நடுவில் பறைச்சேரி, தீண்டாச்சேரி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்டிய சொல் அது. எந்தப் பதவி என்று கேட்ட தம்பிக்கு ராஜராஜனே பதில் எழுதி வைத்திருக்கிறான். ராஜாவின் தட்டைத் தொட்டவர்கள் ஒரு தெருவில், தொடக்கூடாதவர்கள் ஒரு சேரியில். அந்தத் தட்டில் விழுந்த சோற்றுக்கு நாற்று நட்டது எந்தத் தெரு என்று யாரும் கல்லில் வெட்டவில்லை.

தஞ்சாவூர் வரைக்கும் போவானேன்? இந்த ஊர்க் கோயிலுக்கு வாங்க. தினமும் பஸ்ஸில் கடந்து போகிற தேரடிக்குப் பின்னால் இருக்கிற கோயில்தான். அதில் இரண்டு கல்வெட்டுகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, சதுரானன பண்டிதர் கல்வெட்டு. கேரளத்திலிருந்து வந்த வல்லபன் என்பவர், சோழ இளவரசன் ராஜாதித்தனுக்கு நெருக்கமானவர். 949இல் தக்கோலம் போரில் ராஜாதித்தன் யானைமேலேயே செத்துப்போனான். எஜமான் சாகும்போது தானும் கூடச் சாகவில்லையே என்று வல்லபனுக்கு அவமானம். கங்கையில் குளித்தார், துறவியானார், திருவொற்றியூர் மடத்துக்குத் தலைவரானார். ராஷ்டிரகூடன் கன்னரதேவன் காலத்துக் கல்லில் இது இருக்கிறது. பக்கத்தில் இருப்பவன் கூடவே சாகவேண்டும் என்பது அன்றைய அறம். ஆனாலும் உயர்ந்த இடத்து ஆளுக்கு வெளியேற ஒரு கதவு திறந்தே இருந்தது.

இன்னொன்று, 13ஆம் நூற்றாண்டு. மூன்றாம் ராஜராஜன் காலம். ஐந்து பெண்களையும் அவர்கள் வழிவழி வரும் வாரிசுகளையும் இந்தக் கோயிலுக்கு நெல் குத்துவதற்காக ஒருவர் கொடுக்கிறார். மாடு கொடுப்பது போல, நிலம் கொடுப்பது போல. பிறக்காத குழந்தையும் அந்தப் பத்திரத்தில் அடக்கம். ஒரே கோயில், ஒரே மதில். அவருக்கு மடம், இவர்களுக்கு உலக்கை. இவர்கள் அவமானப்பட்டுத் துறவியாகப் போகலாமா? போக முடியாது. ஊழியம் என்பதை நான் இங்கேதான் அளக்கிறேன். ராஜாவுக்கு எவ்வளவு பக்கம் என்பது அளவுகோல் இல்லை. "எனக்கு வேண்டாம், நான் போறேன்" என்று சொல்ல முடியுமா? என் பிள்ளை வேறு வேலைக்குப் போகலாமா? அதுதான் அளவுகோல்.

இப்போது கடல் தாண்டி ஒரு அரண்மனை. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி, 1509இலிருந்து 1547 வரை ராஜா. அவன் அந்தரங்க அறையில் இருந்த தலைமைப் பதவி எது என்று கேட்டால் மூக்கைப் பிடிப்பீர்கள். ராஜா மலம் கழிக்கிற பெட்டி நாற்காலிக்குப் பொறுப்பாளர். தண்ணீர், கிண்ணம், துண்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். ராஜாவுக்கு வயிறு சரியாக இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். தாமஸ் ஹெனீஜ் என்பவர் அந்தப் பதவியில் இருந்தபோது, ராஜாவுக்கு மாத்திரை கொடுத்து, இனிமா கொடுத்து, நடுராத்திரி எழுந்து நன்றாகப் போனார் என்று அமைச்சர் குரோம்வெல்லுக்கு 1539இல் கடிதமே எழுதியிருக்கிறார்.

இந்த வேலைக்கு யார் வந்தார்கள்? சேரியிலிருந்து இழுத்து வந்தார்களா? இல்லை. சீமான்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்த அறையில் ராஜா தனியாக இருப்பான், காதில் எதையும் போடலாம். அதோடு ராஜாவின் சொந்தப் பணப்பையும் அவர் கையில்தான். நான் வங்கிக்காரன், எனக்கு இது சட்டென்று புரிகிறது. பெட்டக அறைச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரை எல்லாரும் கும்பிடுவார்கள். ஹென்றியின் கடைசிக் காலத்தில் அந்தப் பதவியில் இருந்த ஆண்டனி டென்னியும் அவர் கூட்டாளிகளும் ராஜாவின் கையெழுத்து முத்திரையையே வைத்துக்கொண்டு பத்திரங்களில் பதித்தார்கள். நாங்கள் ஒரு காசோலையில் கையெழுத்தைப் பத்துத் தடவை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அங்கே கழிப்பறைக்குப் பொறுப்பானவர் கையில் நாட்டின் கையெழுத்து.

ஆபத்தும் இருந்தது. ஹென்றி நோரிஸ் பத்து வருஷம் அந்த வேலையைச் செய்தவர். ராஜாவுக்கு ராணி ஆன் போலினைத் தீர்த்துக்கட்ட வேண்டியிருந்தது. ராணியோடு தொடர்பு என்று நோரிஸ்மேல் பழி போட்டு 1536 மே 17 அன்று தலையை வெட்டினார்கள். பத்து வருஷ நெருக்கம் ஒரு காலையில் முடிந்தது. பிறகு நாடாளுமன்றம் வலுவாக ஆக, அந்தப் பதவி வெறும் அலங்காரமானது. 1837இல் விக்டோரியா பட்டத்துக்கு வந்தபோது தனக்கு அப்படி ஒருவரை வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் படுக்கையறை அரசியல் ஓயவில்லை. 1839இல் ராணியின் படுக்கையறைச் சீமாட்டிகளை மாற்றச் சொன்னார் பீல். ராணி மறுத்தார். பீல் ஆட்சி அமைக்கவே மாட்டேன் என்றுவிட்டார். பணிப்பெண் யார் என்பதில் ஒரு மந்திரிசபையே நின்றது.

இங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேட்போம். மலத்துக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை அங்கே பிரபுவுக்குப் பெருமை. நோரிஸ் வீட்டுக்குப் போனால் அவருக்கும் பத்து வேலைக்காரர்கள். யாரும் அவரைத் தொட்டுவிட்டுத் தலை முழுகவில்லை. அவர் பிள்ளை பிறக்கும்போதே துடைக்கிற துணியோடு பிறக்கவில்லை. அப்படியென்றால் இழிவு மலத்தில் இருக்கிறதா? இல்லை. தொழிலில் இருக்கிறதா? இல்லை. பாபாசாகேப் அம்பேத்கர் 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று எழுதிய நூலில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இந்தியாவில் ஒருவன் செய்கிற வேலையால் தோட்டி ஆவதில்லை. பிறப்பால் ஆகிறான், அந்த வேலையைச் செய்தாலும் செய்யாவிட்டாலும். ஹென்றியின் அரண்மனையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

'எல்லாத் தொழிலும் புனிதம்' என்று நமக்கு உபதேசம் செய்கிறவர்களுக்கும் இதுதான் பதில். புனிதமென்றால் இங்கிலாந்துப் பிரபு மாதிரி வரிசையில் வந்து நில்லுங்கள்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். நம்ம பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். எங்க ஆயா, ஆயா வேலை பார்த்தவங்க. ராயபுரத்தில் ஒரு ஆங்கிலோ இந்திய ரயில்வே அதிகாரி வீட்டில். குழந்தையைக் குளிப்பாட்டுவது, படுக்கை தட்டுவது, காலையில் எல்லாரும் எழுமுன் படுக்கையறைப் பீங்கான் சட்டியை எடுத்துக் கொட்டிக் கழுவுவது. அந்த வீட்டில் என்ன நடந்தது, எப்படி நடத்தினார்கள் என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "அவுங்க வூட்டு சேதி நமக்கின்னாத்துக்கு?" என்று முடித்துவிடுவாங்க. கடைசி வரை ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. நல்ல வேலைக்காரி என்று அந்த வீட்டில் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருந்தார்கள். முல்லைப்பாட்டு படிக்கும்போது எனக்கு அந்த மிலேச்சர் முகம் தெரியவில்லை. எங்க ஆயா முகம்தான் தெரிந்தது.

ஆனால் வேலைக்காரர் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். துரையின் சாப்பாடும் வீடும் அவர் பொறுப்பு. அந்தக் கந்தப்பன் தன் வீட்டிலிருந்த திருக்குறள், நாலடி நானூறு ஓலைச்சுவடிகளைத் துரையிடம் கொடுத்தார். துரை வழியாக அவை எல்லிஸ் கைக்குப் போய் அச்சுக்கு வந்தன. இதை அயோத்திதாசரே பதிவு செய்திருக்கிறார். 'பறையன் வீட்டில் ஏடு எப்படி?' என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். ஏடு இருந்தது. பேரன் 1907இல் ராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். கந்தப்பனை நாம் நினைப்பது அவர் துரைக்கு நெருக்கமானவர் என்பதற்காகவா? அப்படி எத்தனையோ பட்லர்கள். அவர் வீட்டில் புத்தகம் இருந்தது, வேளை பார்த்து அதை வெளியே கொண்டுவந்தார். அதற்காக நினைக்கிறோம்.

சரி, இன்றைக்கு ராஜா இல்லை. ராஜாவின் படுக்கையறைச் சட்டி எங்கே போனது? பாதாளச் சாக்கடைக்குள் போனது. கொடுங்கையூருக்கு வந்தது. ஊர் மொத்தமும் ராஜாவாகிவிட்டது, தோட்டி மட்டும் மாறவில்லை. உலர் கழிப்பிடத்தையும் கையால் மலம் அள்ளுவதையும் தடை செய்து 1993இல் சட்டம் வந்தது. போதவில்லை என்று 2013இல் இன்னொன்று. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அது 30 லட்சமானது. தொகை ஏறுகிறது என்றால் சாவு நிற்கவில்லை என்று அர்த்தம். கணக்குப் பார்க்கிறவனுக்கு இது தெரியும்.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தவர்கள் யார்? ஐந்தாவது மண்டலம் ராயபுரம், ஆறாவது மண்டலம் திரு.வி.க. நகர். நம்ம அக்கா தங்கச்சிகள். குப்பை அள்ளுகிற வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்று 1ஆம் தேதி உட்கார்ந்தவர்களை 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. ஊர் வாசலை விடிவதற்குள் பெருக்குகிறவர்கள் அவர்கள். எந்த வீட்டில் என்ன சாப்பிட்டார்கள், எந்த வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதுவரை எந்த வீட்டுச் சேதியையும் சொல்லாதவர்கள் பதின்மூன்று நாள் மைக் பிடித்துத் தங்கள் சேதியைச் சொன்னார்கள். எத்தனை வருஷ வேலை, எவ்வளவு கூலி, கையுறை எப்போது வந்தது என்று ஒவ்வொருத்தியும் பேசினாள். எனக்கு அது பெரிய விஷயம். எங்க ஆயா பேசாத பேச்சு அது.

ஆகவே தம்பி, நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இது. ராஜாவின் படுக்கையறையில் நம்ம ஆள் இருந்தானா என்று தேடாதே. இருந்திருந்தால் நாக்கைக் கொடுத்துவிட்டு இருந்திருப்பான். இல்லையென்றால் தலையைக் கொடுத்திருப்பான். அங்கே ஒரு பதவியைக் கண்டுபிடித்துச் சுவரொட்டி அடித்தால், ஆண்டவன் கூட்டத்தோடு நாமும் போய் நின்றதாகும், நெல் குத்திய அந்த ஐந்து பெண்களுக்கு எதிர்ப்பக்கம். நமக்குப் பரம்பரை வேண்டுமென்றால் அந்த ஐந்து பேரிடமிருந்து தொடங்குவோம். அவர்கள் பெற்ற பிள்ளைகள் பத்திரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததிலிருந்து தொடங்குவோம்.

இங்கே வந்திருக்கிற இளைஞர்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். உங்க வீட்டில் ஆயாவோ தாத்தாவோ உயிரோடு இருந்தால் இந்த வாரமே உட்காருங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கினாரா, பங்களாவில் சட்டி கழுவினாரா, உப்பளத்தில் நின்றாரா, மாநகராட்சியில் கூடை சுமந்தாரா, கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், கூலி எவ்வளவு, எந்த வாசலால் உள்ளே விட்டார்கள், தண்ணீர் எதில் கொடுத்தார்கள். முதலில் "அது இன்னாத்துக்கு இப்போ" என்பார்கள். விடாதீர்கள், மறுபடி கேளுங்கள். எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். இங்கேயே படிப்போம்.